அளந்து பார்த்து அவிழ்ப்போம்: பழைய குட்டி மோட்டாரின் இஞ்சினைப் புதுப்பித்தல்



நம் நாட்டில் பல வீடுகளில், கார் நிறுத்தும் இடத்தின் ஓர் ஓரமாக, பழைய துணி போர்த்திய மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்பதைப் பார்க்கலாம். அது அப்பா வேலைக்குப் போன வண்டியாக இருக்கும். அல்லது தாத்தா தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போன வண்டியாக இருக்கும். ஓடி பல வருடம் ஆகியிருக்கும். ஆனால் அதைப் பழைய இரும்புக்குப் போட யாருக்கும் மனம் வந்திருக்காது.

ஒருநாள் அந்த வீட்டுப் பிள்ளைக்கு அதை மறுபடியும் ஓட வைக்க வேண்டும் என்று ஆசை வருகிறது. கையில் ஸ்பானர் பெட்டி, எதிரே இஞ்சின். அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் பிரித்து விடுகிறார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இஞ்சின் நான்கு பிளாஸ்டிக் பைகளில் கிடக்கிறது. எந்த நட்டு எங்கே இருந்தது என்று தெரியவில்லை. ஐம்பது ஆண்டுகள் சாலையில் உழைத்தும் சாகாத இஞ்சின், வீட்டு மேசையில் உயிரை விட்டு விடுகிறது.

இந்த முடிவைத் தவிர்க்க முடியுமா? முடியும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். இன்றைய உரையின் சாரம் ஒன்றுதான்: அவிழ்ப்பதற்கு முன் அளக்க வேண்டும், வாங்குவதற்கு முன்பும் அளக்க வேண்டும், மூடுவதற்கு முன் மறுபடியும் அளக்க வேண்டும். இதற்கு எடுத்துக்காட்டாக, உலகம் முழுவதும் புதியவர்கள் முதன்முதலாகக் கை வைக்கும் ஒரு குட்டி மோட்டார் சைக்கிளைப் பார்ப்போம். அதன் பெயர் ஹோண்டா மங்கி.

பொழுதுபோக்குப் பூங்காவில் பிறந்தது

1961ஆம் ஆண்டு தோக்கியோ புறநகரில் தாமா டெக் என்ற பொழுதுபோக்குப் பூங்காவை ஹோண்டா நிறுவனம் திறந்தது. அங்கு வரும் பிள்ளைகள் ஓட்டி விளையாட, 49 சிசி இஞ்சின் பொருத்திய மிகச் சிறிய மோட்டார் சைக்கிளைச் செய்து வைத்தார்கள். அதற்கு இசட் 100 என்று பெயர். பெரியவர்களும் அதில் ஏறி முழங்காலை மடக்கி உட்கார்ந்து ஓட்டினார்கள். பார்ப்பதற்குக் குரங்கு உட்கார்ந்திருப்பது போல் இருந்ததால் மங்கி என்ற பெயர் ஒட்டிக் கொண்டது.

பின்னர் 1967இல் இசட் 50 எம் என்ற மாடல் சாலையில் ஓட்டுவதற்காகவே ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் சக்கரம் வெறும் 5 அங்குலம். கைப்பிடியை மடக்கி, காரின் பின்பெட்டியில் வைத்துக் கொண்டு போகலாம். அடுத்து வந்த மாடல்களில் சக்கரம் 8 அங்குலமாகப் பெரிதானது. 50 சிசி மங்கியின் உற்பத்தி, புகை வெளியேற்ற விதிகள் கடுமையானதால் 2017இல் நின்றது. 2018இல் அதே தோற்றத்தில் 125 சிசி மங்கி வந்தது. நாம் பேசப்போவது பழைய 50 சிசி வண்டியைப் பற்றி.

"மங்கியை நாங்கள் பார்த்ததே இல்லையே" என்று சில நேயர்கள் நினைக்கலாம். ஆனால் அதன் இஞ்சினை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். 1967 முதல் மங்கியில் இருந்த இஞ்சினும், நம் ஊரில் கப்சாய் என்று அழைக்கப்படும் ஹோண்டா சி 70 இஞ்சினும் ஒரே குடும்பம். இரண்டிலும் சிலிண்டர் ஏறக்குறைய படுத்த நிலையில் முன்னோக்கி இருக்கும். கப்சாய் என்ற சொல்லே 'கப்' என்ற ஹோண்டா மாடல் பெயரோடு, சிறியது என்று பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து வந்தது என்பார்கள். பினாங்கைச் சேர்ந்த தொழிலதிபர் லோ பூன் சியூ 1950ஆம் ஆண்டுகளின் இறுதியில் ஹோண்டா வண்டிகளை இங்கே கொண்டு வந்தது முதல், இந்தக் குடும்பம் நம் வாழ்க்கையோடு கலந்து விட்டது. எனவே மங்கிக்குச் சொல்லப்படும் முறை, வீட்டில் நிற்கும் சி 70க்கும் பெரும்பாலும் பொருந்தும். எண்கள் மட்டும் மாறும்.

உள்ளே என்ன இருக்கிறது?

மங்கி இஞ்சினில் ஒரே ஒரு சிலிண்டர். அதன் உள்விட்டம் 39 மில்லிமீட்டர். பிஸ்டன் போய் வரும் தூரம் 41.4 மில்லிமீட்டர். இவற்றைக் கணக்கிட்டால் 49 சிசிக்குச் சற்று மேல் வரும். சி 70இலும் பிஸ்டன் போகும் தூரம் அதே 41.4 தான். உள்விட்டம் மட்டும் 47 மில்லிமீட்டர். அதனால்தான் அது 72 சிசி.

காற்றும் பெட்ரோலும் உள்ளே வர ஒரு வால்வு, புகை வெளியே போக ஒரு வால்வு. இரண்டையும் திறந்து மூட, சிலிண்டரின் தலையில் கேம் என்ற தண்டு. அதை ஒரு சிறிய சங்கிலி சுழற்றுகிறது. தண்ணீர் இல்லை, காற்றுதான் குளிர்விக்கிறது. ஊற்ற வேண்டிய எண்ணெய் ஒரு லிட்டருக்கும் குறைவு. மேசையில் வைத்து ஒரே ஆள் தூக்கி இறக்கலாம். புதியவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.

நோய் என்ன என்று முதலில் கேட்போம்

டாக்டரிடம் போனால் எடுத்ததும் கத்தியை எடுப்பதில்லை. முதலில் நாடி பார்க்கிறார். இஞ்சினுக்கும் அதுவே முறை. வண்டி ஓடவில்லை என்பதற்காக உள்ளே எல்லாம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பல ஆண்டுகள் நின்ற வண்டியில் கார்புரேட்டர் அடைத்திருக்கலாம். பழைய மாடல்களில் பிளக்கிற்குத் தீப்பொறி அனுப்பும் பாயிண்ட் துருப்பிடித்திருக்கலாம். அந்த இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். வால்வு இடைவெளி இஞ்சின் குளிர்ந்த நிலையில் 0.05 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். இந்த இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது, வண்டி கிளம்பாது. இஞ்சினைப் பிரிக்காமலேயே இவற்றைச் சரி செய்து விடலாம்.

அடுத்து அழுத்தச் சோதனை. பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி, பெட்ரோல் கைப்பிடியை முழுதாகத் திறந்து, பல முறை உதைக்க வேண்டும். அழுத்தம் குறைவாக இருந்தால், பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி இஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடியும் உதைக்க வேண்டும். இப்போது அழுத்தம் கூடினால், பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட் பக்கம் சந்தேகப்பட வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் இந்தப் பத்து நிமிடம்தான், தேவையில்லாத பொருளுக்குச் செலவாகும் பல நூறு ரிங்கிட்டைக் காப்பாற்றுகிறது.

மைலோ டின்னும் சரியான முடுக்கியும்

பிரித்தே ஆக வேண்டும் என்று முடிவானால், முதலில் அந்த மாடலுக்குரிய பழுதுபார்ப்புக் கையேட்டைத் தேடிப் பெற வேண்டும். பிறகு கருவிகள்.

பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களின் மூடிகளில் கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூக்கள் இருக்கும். அவை ஜப்பானியத் தர அளவில் செய்யப்பட்டவை. சாதாரண கூட்டல் முடுக்கியை வைத்துத் திருப்பினால் முனை வழுக்கி, ஸ்க்ரூவின் தலை சிதைந்து போகும். ஜப்பானிய அளவு முடுக்கியும், சுத்தியலால் தட்டித் திருப்பும் முடுக்கியும் இருந்தால் அவை ஒழுங்காகக் கழன்று வரும்.

இடது பக்கம் இருக்கும் காந்தச் சக்கரத்தைக் கழற்ற அதற்கென்றே உள்ள புல்லர் வேண்டும். வலது பக்கம் கிளட்சைப் பிடித்திருக்கும் வட்ட நட்டுக்கு, நான்கு பல் உள்ள தனி சாக்கெட் வேண்டும். இவை விலை அதிகமில்லை. வாங்க முடியாவிட்டால் பக்கத்து மோட்டார் கடையில் அந்த ஒரு நட்டை மட்டும் கழற்றித் தரச் சொல்லலாம். உளி வைத்துச் சுத்தியலால் அடிப்பது மட்டும் கூடாது. அந்த ஒரு அடியில் கிராங்க் தண்டு வளையக்கூடும்.

கழற்றும் பொருட்களை வைக்க விலை உயர்ந்த பெட்டி தேவையில்லை. காலி மைலோ டின் நான்கைந்து போதும். தலைக்கு ஒரு டின், கிளட்சுக்கு ஒரு டின், காந்தச் சக்கரப் பக்கத்திற்கு ஒரு டின். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டிவிட வேண்டும். மூடிகளின் ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, எந்தத் துளையில் எது இருந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வைத்தால் குழப்பமே வராது. கைப்பேசியில் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுப்பது இன்னும் நல்லது.

இங்கே ஒரு பாதுகாப்புக் குறிப்பு. பழைய கேஸ்கட்டிலும் பிரேக் கட்டையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காய்ந்த நிலையில் சுரண்டித் தூசி கிளப்பாமல், ஈரப்படுத்தி எடுக்க வேண்டும். கழுவும் பெட்ரோலுக்குப் பக்கத்தில் சிகரெட்டோ அடுப்போ இருக்கக் கூடாது. வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல், பழைய எண்ணெய் சேகரிக்கும் கடையில் கொடுக்க வேண்டும்.

தலையைத் திறக்கும் வேளை

தலையைக் கழற்றும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. காந்தச் சக்கரத்தில் 'டி' என்ற எழுத்துக் குறி இருக்கும். அதை இஞ்சின் உறையில் உள்ள குறியோடு சேர்க்கும்படி, சக்கரத்தைக் கையால் எதிர்க்கடிகாரத் திசையில் சுழற்ற வேண்டும். அப்போது பிஸ்டன் மேலே வந்து நிற்கும். கேம் பற்சக்கரத்தில் உள்ள வட்டக் குறி, தலையில் உள்ள வெட்டுக் குறியோடு நேராக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இன்னொரு சுற்று சுற்ற வேண்டும். இரண்டும் பொருந்திய நிலையைப் படம் எடுத்து வைத்துக் கொண்டால், மூடும்போது பாதிக் கவலை தீர்ந்தது.

தலையைப் பிடித்திருக்கும் நான்கு நட்டுகளும் ஒரே மாதிரி இருக்காது. அவற்றின் அடியில் உள்ள வாஷர்களும் ஒன்றுபோல் இல்லை, ஒன்று செம்பால் ஆனது. காரணம், நான்கு தண்டுகளில் ஒன்றின் துளை வழியாகத்தான் எண்ணெய் மேலே கேமுக்கு ஏறுகிறது. அங்கே செம்பு வாஷர் இல்லாவிட்டால் எண்ணெய் கசியும். எது எங்கே இருந்தது என்பதைப் படத்தில் பதிவு செய்த பிறகே கழற்ற வேண்டும்.

சிலிண்டரை வெளியே இழுத்தவுடன், கீழே திறந்திருக்கும் உறையின் வாயில் சுத்தமான துணியை அடைக்க வேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சிறிய கம்பி வளையம் துள்ளி உள்ளே விழுந்தால், அதை எடுப்பதற்காகவே முழு இஞ்சினையும் பிளக்க வேண்டி வரும்.

அளவுதான் நீதிபதி

இப்போதுதான் முக்கியமான வேலை தொடங்குகிறது. சிலிண்டரின் உட்சுவரை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் நீளவாக்கு, குறுக்குவாக்கு என இரண்டு முறையும் அளக்க வேண்டும். மொத்தம் ஆறு எண்கள். சிலிண்டர் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல்பக்கம், ரிங் திரும்பும் இடத்தில்தான் அதிகம் தேயும். ஆறு எண்களும் எழுதி வைத்தால் அது தெளிவாகத் தெரியும்.

இங்கே புதியவர்கள் வெர்னியர் கருவியை நம்பி விடுகிறார்கள். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் வரும் சில பங்குகள்தான். அதை வெர்னியர் காட்டாது. மைக்ரோமீட்டரும், உள்விட்டம் அளக்கும் கேஜும் வேண்டும். அவை இல்லாவிட்டால் சிலிண்டரையும் பிஸ்டனையும் சேர்த்து போரிங் செய்யும் பட்டறைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனையும் உண்டு. பிஸ்டன் ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். அது அரை மில்லிமீட்டரைத் தாண்டினால் ரிங்கின் காலம் முடிந்தது.

வால்வைச் சோதிக்க, தலையைக் கவிழ்த்து, வால்வுகள் மூடிய நிலையில் அந்தக் குழியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கலாம். குழாய்த் துளை வழியாகக் கசிந்தால் வால்வு சரியாக உட்காரவில்லை. இலேசான கசிவு என்றால் அரைக்கும் பசை தடவித் தேய்த்து உட்கார வைக்கலாம்.

கடைசியாக, பிஸ்டனைத் தாங்கும் கம்பியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் சற்று அசைவது இயல்பு. மேலும் கீழும் 'டக் டக்' என்று ஆடினால் அடிப் பேரிங் தேய்ந்து விட்டது. இந்தக் கிராங்க் அழுத்தி இணைக்கப்பட்டது. அதைப் பிரித்துச் சேர்ப்பது பிரஸ் வைத்திருக்கும் பட்டறையின் வேலை. எந்த வேலையை மற்றவரிடம் கொடுக்க வேண்டும் என்று தெரிந்து கொள்வதும் கைத்தொழிலின் ஒரு பாடம்தான்.

தேய்ந்த சிலிண்டருக்கு மருந்து, சற்றுப் பெரிய பிஸ்டன். 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று படிப்படியாகப் பெரிய அளவுகளில் பிஸ்டன்கள் உண்டு. இங்கே வரிசை மிகவும் முக்கியம். முதலில் பிஸ்டனை வாங்க வேண்டும். பிறகு அந்தப் பிஸ்டனைப் பட்டறையில் கொடுத்து, அதை அளந்து அதற்கேற்பச் சிலிண்டரைக் கடைந்து தரச் சொல்ல வேண்டும்.

மோட்டார் கடைகளில் இப்படி ஓர் உரையாடல் நடப்பது சகஜம்.

"அண்ணே, போர் போட்டு வச்சிட்டேன். இப்ப பிஸ்டன் வாங்கணும். எந்த சைஸ் வாங்கறது?"

"எத்தனைக்குக் கடைஞ்சாங்க தம்பி?"

"தெரியல அண்ணே. தேஞ்ச இடம் போற வரைக்கும் கடையச் சொன்னேன்."

அந்த இடத்தில் அண்ணன் தலையைச் சொறிவதைத் தவிர வேறு வழியில்லை. எந்தப் பிஸ்டனுக்கும் பொருந்தாத அளவில் கடைந்த சிலிண்டர், இனி காகிதம் பறக்காமல் இருக்க வைக்கும் கல்தான்.

பெரிய சிசி என்ற ஆசை

இந்த நேரத்தில்தான் இன்னோர் ஆசை எட்டிப் பார்க்கும். இந்தக் குடும்பத்து இஞ்சின்கள் ஒன்றுக்கொன்று நெருங்கியவை என்பதாலும், பல நாடுகளில் இவற்றைப் பார்த்து இஞ்சின்கள் செய்யப்பட்டதாலும், பெரிய சிலிண்டரும் பெரிய பிஸ்டனும் சேர்ந்த தொகுப்புகள் சுலபமாகக் கிடைக்கின்றன. "எப்படியும் மாற்றத்தானே போகிறோம், பெரிதாகவே போடலாமே" என்று நண்பர்கள் சொல்வார்கள்.

பழுது நீக்கப் போடும் பெரிய பிஸ்டனால் வரும் வித்தியாசம் மிகச் சிறியது. மங்கியில் அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டால் கொள்ளளவு 51 சிசியைக்கூடத் தொடாது. ஆனால் பெரிய தொகுப்பு போட்டால் வண்டியின் குணமே மாறிவிடும். 8 அங்குலச் சக்கரமும் சிறிய பிரேக்கும் அந்தப் பழைய வேகத்திற்காகச் செய்யப்பட்டவை. இஞ்சினின் பலத்தை மட்டும் கூட்டினால், நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காது. இரவு நேரச் சாலைப் பந்தயத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சட்டமும் இருக்கிறது. நம் நாட்டில் இஞ்சினை மாற்றவும், அதன் கொள்ளளவைக் கூட்டவும் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யின் அனுமதி வேண்டும். இஞ்சின் எண் அதன் உறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த உறையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றைப் பொருத்தினால், வாகனப் பத்திரத்தில் உள்ள எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒத்துப் போகாது. தாத்தாவின் பெயரைச் சொல்லிக் கொண்டிருந்த வண்டி, அன்றிலிருந்து அடையாளம் இல்லாத வண்டி.

அடிப்பாகத்தைப் பிளக்க வேண்டுமா?

கிராங்க் ஆடவில்லை, கியர் ஒழுங்காக விழுகிறது, பேரிங் சத்தமில்லை என்றால், புதியவர் அடி உறையைப் பிளக்காமல் இருப்பதே நல்லது. மேல்பாகத்தை மட்டும் சரி செய்து மூடலாம்.

ஆனால் வலது பக்க மூடியைத் திறந்து இரண்டு இடங்களைக் கட்டாயம் சுத்தம் செய்ய வேண்டும். இந்த இஞ்சினில் காரில் இருப்பது போல் காகித எண்ணெய் வடிகட்டி கிடையாது. உறையின் அடியில் ஒரு சிறிய கம்பி வலை இருக்கிறது. கிளட்சின் மேல்மூடிக்குள் சுழற்சியினால் அழுக்கைத் தள்ளிப் பிடிக்கும் இன்னொரு வடிகட்டி இருக்கிறது. பல ஆண்டு அழுக்கு அங்கே கறுப்புக் களியாகப் படிந்திருக்கும். புதிய பிஸ்டன் போட்டு இதைத் துடைக்காமல் விட்டால், பழைய நோயைப் புதிய உடம்புக்கு ஏற்றியது போலாகும். கியர் மிதி, உதைக் கைப்பிடி, சங்கிலிப் பற்சக்கரம் ஆகிய தண்டுகளின் எண்ணெய் சீல்களையும் அப்போதே மாற்றிவிடலாம்.

மூடும்போது அவசரம் கூடாது

பிஸ்டனின் தலையில் 'ஐ.என்.' என்ற குறி இருந்தால், அது காற்று உள்ளே வரும் பக்கம், அதாவது மேல்பக்கம் நோக்கி இருக்க வேண்டும். ரிங்குகளின் திறந்த முனைகள் ஒரே கோட்டில் நிற்காமல், வட்டத்தைச் சுற்றிப் பிரிந்து நிற்க வேண்டும். பின் வளையங்கள் பழையதைப் போடாமல் புதியதே போட வேண்டும். எல்லாப் பாகங்களிலும் சுத்தமான எண்ணெய் தடவ வேண்டும்.

தலை நட்டுகளை ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. குறுக்குக் குறுக்காக, மூன்று கட்டங்களில், கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பானரால் முடுக்க வேண்டும். அந்த அளவு சுமார் 10 நியூட்டன் மீட்டர். கைபலத்தைக் காட்டினால் அலுமினிய உறைக்குள் இருக்கும் மரை பெயர்ந்து வரும்.

கேம் குறியும் 'டி' குறியும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகு, பிளக் போடாமல் காந்தச் சக்கரத்தைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எங்கேனும் தடுத்தால் பலம் கொடுக்கக் கூடாது. அங்கேயே நிறுத்தி, காரணம் தேட வேண்டும். கை சொல்வதைக் கேட்காமல் உதைத்தால், வால்வு வளைந்த பிறகுதான் காரணம் தெரியவரும். தடையின்றிச் சுற்றினால் வால்வு இடைவெளியை 0.05க்கு வைத்து, எண்ணெய் ஊற்றி, பிளக் இல்லாமலேயே பல முறை உதைக்கலாம். எண்ணெய் மேலே ஏற நேரம் கொடுக்க வேண்டும்.

பிறகு பிளக்கைப் போட்டு உதைக்கும்போது, இஞ்சின் உயிர் பெறும். ஓடத் தொடங்கியதும் கைப்பிடியை முறுக்கிச் சத்தம் காட்டத் தோன்றும். அதை அடக்க வேண்டும். சிறிது நேரத்தில் நிறுத்தி, வால்வு மூடியைத் திறந்து, மேலே எண்ணெய் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டர் வரை நிதானமாக, ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல் பழக்க வேண்டும். புதிய ரிங்கும் சிலிண்டரும் உரசிப் பொடி வரும் என்பதால், முதல் எண்ணெயைச் சீக்கிரமே மாற்றிவிட வேண்டும்.

இதில் என்ன இருக்கிறது நமக்கு?

ஒரு பழைய வண்டிக்கு இவ்வளவு பாடா என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். கணக்குப் பார்த்தால், பழைய வண்டியைப் புதுப்பிப்பது பல வேளைகளில் லாபமில்லை. ஆனால் பிள்ளைக்குக் கிடைப்பது வேறு.

பள்ளியில் கணக்குப் பாடம் பிடிக்காத பையன், 39.25க்கும் 39.50க்கும் உள்ள வித்தியாசத்திற்காக இரவெல்லாம் புத்தகம் புரட்டுவதை இந்த வேலையில் பார்க்கலாம். தசமப் புள்ளிக்குப் பிறகு வரும் எண் ஏன் முக்கியம் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, பிஸ்டனே சொல்லிவிடும். பொறுமை, ஒழுங்கு, எழுதி வைக்கும் பழக்கம், தெரியாததைக் கேட்கும் துணிவு ஆகியவை இன்று எந்தத் தொழிலுக்கும் வேண்டும். எஸ்.பி.எம். தேர்வில் சறுக்கிய பிள்ளைகளை ஒன்றுக்கும் உதவாதவர்கள் என்று ஒதுக்குகிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. இப்படி ஓர் இஞ்சினை ஒழுங்காகப் பிரித்து, அளந்து, மூடி, ஓட வைத்த பிள்ளையை அப்படிச் சொல்ல முடியுமா? மலேசியத் திறன் சான்றிதழ் வரை போய்ப் படிக்க, இது நல்ல தொடக்கமாகலாம்.

இன்னொன்றும் உண்டு. பாயிண்ட் வைத்த பழைய இஞ்சின்களைச் சத்தத்தை வைத்தே சரிசெய்யத் தெரிந்த மோட்டார் கடை அண்ணன்மாருக்கு வயதாகிக் கொண்டிருக்கிறது. அவர்களுடைய கை அறிவு எந்தக் கையேட்டிலும் முழுதாக இல்லை. பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பிள்ளைக்குத்தான் அது கைமாறும். அவர்கள் கடையை மூடிவிட்ட பிறகு போய்க் கதவைத் தட்டிப் பயனில்லை.

ஆகவே பெற்றோரே, பிள்ளை பழைய வண்டியைத் தொடுகிறான் என்றால் திட்ட வேண்டாம். ஒரு ஃபீலர் கேஜும் ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்கிக் கொடுங்கள். இளையோரே, ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன் அந்த நோட்டுப் புத்தகத்தில் முதல் எண்ணை எழுதுங்கள். பிரிப்பதற்கு ஒரு மாலை போதும். சேர்ப்பதற்கு எழுதி வைத்த எண்கள் வேண்டும்.